பொட்டுக்கு அடியில் ஒரு வரப்பு

அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நான், வேலை இல்லாத மாதங்களில் தஞ்சாவூரில் ஓர் ஓவியக் கடையில் தங்கினேன். பலகையில் துணி ஒட்டுவது, சாக்பவுடர் குழைப்பது, கடையைக் கூட்டுவது என் வேலை. படுக்கையும் அங்கேயே.

ஓவியருக்குச் சாமி படம்தான் தொழில். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மூடிய புத்தகத்தின் தாள் விளிம்பில் படம் வரையவும் கற்றுக்கொண்டார். தாள்களைச் சாய்த்து விரித்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி, அந்தச் சரிவின்மேல் வரைய வேண்டும். பிறகு தாள்களை நேராக்கி விளிம்பில் தங்கரேக்கு ஒட்டிவிட்டால் படம் மறைந்துவிடும். மறுபடி சாய்த்து விரித்தால்தான் தெரியும்.

எனக்கு இந்த மறைகிற சமாச்சாரமே பிடிக்கவில்லை. தங்கத்துக்கு அடியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் யாருக்குத் தெரியும்?

ஆனாலும் இந்தப் படத்துக்கு ஓர் ஆளைக் கூட்டிவந்தேன். வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில் அறுவடைக்குப் போனால் எனக்குச் சோறும் படுக்க இடமும் உண்டு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கிளம்பிய எனக்கு, உரிமையோடு போய் நிற்க வேறு வாசல் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இறந்துபோன அப்பாவின் பாராயணப் புத்தகத்தைக் கொண்டுவந்து, அப்பா மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிற மாதிரி வரையச் சொன்னார்.

வரையும்போது ஓவியர் என்னை உள்ளே விடவில்லை.

"தொழிலப் பாத்துட்டு எதிர்க்கடைக்கு ஓடிருவ. ஒங்காலு நிக்கிற காலா?"

"நீங்க வரையறீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

கதவைச் சாத்திக்கொண்டார்.

சரஸ்வதி பூஜையன்று பிள்ளை வந்து நின்றார். மறுநாள் ராத்திரி திருச்சியில் அவருக்கு விமானம். அவர் வருவதற்குள் ஓவியரின் மனைவி தூரிகை, ரேக்கு, புத்தகம் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்திருந்தார். பாராயணப் புத்தகம் மேலாக இருந்தது. தங்க விளிம்பின் நடுவில் ஈரம் காயாத பெரிய பொட்டு.

"ஒரு தடவ விரிச்சுக் காட்டுங்க."

"பூசையில வச்ச புத்தகத்த இன்னிக்குப் பிரிக்கக்கூடாது தம்பி. காலையில வாங்க," என்றார் அந்த அம்மாள்.

பிள்ளை என் பக்கம் திரும்பினார். "உள்ள படம் இருக்கா? நீ பாத்தியா?"

"கதவு சாத்தியிருந்துச்சுங்க."

"நல்ல ஆளாப் புடிச்சுக் குடுத்த போ!"

அன்று முழுக்க நான் ஓவியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே புத்தகத்தைத் தொட்டுவிடுவேனோ என்று.

விஜயதசமி காலையில் பூஜையைக் கலைத்து, பிள்ளைக்கு முன்னால் தாள்களைச் சாய்த்தார். ஒரு பக்கம் வாய்க்காலும் மோட்டார் கொட்டகையும் தெரிந்தன. மறுபக்கம் சாய்ந்த தென்னை. நடுவில் சந்தனம் இறங்கிக் காய்ந்து, தாள்கள் கட்டையாக ஒட்டியிருந்தன.

"அப்பா எங்க?"

"நடுவுலதான் நிக்கிறாரு. பொட்டுக்கு அடியில."

"இத நான் நம்பணுமா?"

"பொட்டு வச்சது நானில்ல, வீட்டுல," என்று ஓவியர் மனைவியைக் காட்டினார்.

"புத்தகத்துக்குப் பொட்டு வைக்காம? நல்லாருக்கே கத!" என்றார் அவர்.

பிள்ளை வாசலுக்குப் போய் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, விளிம்பைக் காட்டினார். சண்டை வரப்போகிறது, வலங்கைமான் வாசல் இன்றோடு சரி என்று நினைத்தேன்.

"யாருடா பொட்டு வச்சது?" என்று போனில் குரல் கேட்டது. "அப்பா நெத்தியில வச்ச மாதிரியே இருக்கு. சுரண்டிராத. இங்க குடுத்துட்டு பிளைட்டுக்குப் போ."

தை மாதம் சம்பா அறுவடைக்கு அங்கே போனேன். புத்தகம் சாமி அலமாரியில், அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு.

"பிரிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"எதுக்கு? அவருதான் உள்ள இருக்காருல்ல."

அந்த இடமாகப் பார்த்துப் பொட்டு வைக்கச் சொன்னதே ஓவியர்தானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். வாய்வரை வந்தது. அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

"ரசம் ஊத்தட்டுமா?"

"ஊத்துங்கம்மா."