இத்தாலி ஆட்டமும் என் வலது காலும்

ஒரு வெள்ளைக்கார அம்மாவின் காலை மிதித்துவிட்டேன். அதுவும் நன்றாக அழுத்தி!

எங்கள் ஊரான பிளெய்ன்ஸ்பரோவின் லைப்ரரி மீட்டிங் ரூமில், போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்தது இது. அந்த அம்மா பெயர் பார்பரா. எழுபது வயதிருக்கும். அவர் கையை நான் பிடித்திருந்தேன் — பதறாதீர்கள், என் மனைவி மாலதியும் அதே ரூமில்தான் இருந்தாள்.

ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஜோடி ஜோடியாக ஆடிய ஆட்டத்தை அங்கே சொல்லித்தருகிறார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர் இன்று யாரும் இல்லை. அந்தக் காலத்து டான்ஸ் மாஸ்டர் ஒருவர் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படம் கிடையாது. 'இரண்டு சின்ன அடி, ஒரு நீள அடி, பிறகு வணக்கம்' என்கிற மாதிரி வெறும் குறிப்பு. மீதியெல்லாம் யூகம்தான். சாப்பிட்டே இராத பண்டத்தைச் சமையல் குறிப்பை மட்டும் வைத்துச் செய்வது போல...

இந்த வகுப்புக்கான நோட்டீஸைப் பார்த்ததும் மாலதிக்கு ஆசை வந்துவிட்டது. அவளுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. நான் பத்தாவதோடு நின்றவன். இந்தியன் மளிகைக் கடையில் காய்கறிப் பிரிவு என் பொறுப்பு. புது ஆள் எதிரே வந்தால் வெண்டைக்காய் அடுக்குவது போலக் குனிந்துகொள்கிற ரகம். பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

"நீங்க சும்மா கூட வாங்க. ஓரமா உக்காந்துக்கலாம்" என்றாள்.

ஜோடி ஆட்டத்தில் ஓரமாக உட்கார விடுவார்களா?

சொல்லித்தருபவர் எலன். முதல் நாளே சொல்லிவிட்டார் — எல்லோரும் இடது காலில்தான் தொடங்க வேண்டும். என் சிக்கலும் அங்கேயே தொடங்கியது. புது வீட்டுக்குள் போனாலும் வலது கால், புது வேலைக்குப் போனாலும் வலது கால். ஐம்பத்திரண்டு வருஷப் பழக்கம். மூளை 'லெஃப்ட்' என்கிறது. கால் கேட்க வேண்டுமே?

ஆட்டத்தில் ஓரிடம். ஜோடிகள் எதிரெதிரே நடந்து வந்து சேர வேண்டும். மாலதி இடது காலை வைக்கிறாள். நான் வலது காலை வைக்கிறேன். விளைவு, நேருக்கு நேர் மோதல்!

அப்படிச் சேர்ந்ததும் என்ன செய்தார்கள் என்று நோட்டில் ஒன்றுமே இல்லையாம். "தெரியாத இடத்தில் சும்மா நிற்போம். இரண்டு எண்ணிக்கை" என்றார் எலன். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் மூன்று வாரமும் அந்த இடத்தில் மாலதியின் காலை மிதித்தேன். "ஐயோ, லெஃப்ட்டுங்க!" என்பாள். "சரி சரி" என்பேன். அவ்வளவுதான்.

நாலாவது வாரம், அந்தச் செவ்வாய்க்கிழமை, எலன் ஜோடிகளை மாற்றிவிட்டார். எனக்கு பார்பரா. மிதித்தேன். மிதித்த அடுத்த விநாடி, என்னை அறியாமலே குனிந்து அவர் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்! கூட்டத்தில் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் செய்வோமே, அதே.

பாட்டு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். பார்பராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஸோ ஸ்வீட்" என்று ரூமே உருகியது.

ஒருத்தி மட்டும் உருகவில்லை.

காரில் ஏறி சீட் பெல்ட் போட்டோம்.

"என்ன மாலதி?"

"ஒண்ணுமில்ல."

கல்யாணமானவர்களுக்குத் தெரியும், 'ஒண்ணுமில்ல' என்றால் நிறைய இருக்கிறது. முதல் சிக்னலில் வெளியே வந்தது.

"அவங்க கால் மட்டும்தான் காலா?"

"என்ன சொல்ற?"

"மூணு வாரமா என் கால மிதிக்கறீங்க. ஒரு தடவையாவது குனிஞ்சீங்களா?"

"பொண்டாட்டிகிட்ட போய் யாராவது..."

"சோபால உக்காந்திருக்கறப்ப என் கால் உங்க மேல பட்டா நான் என்ன பண்றேன்? தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறேன். இருபத்தாறு வருஷமா! பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன்.

"சனிக்கிழமை ஷோவுல நீங்க பார்பராகூடவே ஆடுங்க. நான் வரல."

லைப்ரரியில் எல்லோர் முன்னாலும் ஆடுவதாக இருந்தோம். அதற்கென்றே மெரூன் பட்டுப்புடவையை எடுத்து வைத்திருந்தாள். ஆசைப்பட்டது அவள். இப்போது வரமாட்டேன் என்பதும் அவள். காரணம் நான்.

காலேஜில் இருக்கும் மகளுக்கு போன் போட்டேன். "அப்பா, ஜஸ்ட் ஸே ஸாரி!" என்றாள். சொன்னேன். "ஸாரி வேற, இது வேற" என்றாள் மாலதி.

ஏன் எனக்குத் தோன்றவில்லை? கத்தரிக்காய் பொறுக்கிப் போட்டபடி ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 'மனைவி கால் மேல் பட்டால் என் கால் மேலேயே பட்ட மாதிரி' என்று அழகாக ஒரு பதில் தயார் பண்ணினேன். நல்ல பதில்தான். ஆனால் அவள் கால் என் மேல் படும்போது, அவளுக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றவில்லை? அந்த இடத்தில் என் பதில் படுத்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் பார்த்தால், பட்டுப்புடவையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஜோடி குறைஞ்சாலும் ஆட முடியாதாம். எலன் போன் பண்ணாங்க. அவங்களுக்காகத்தான் வரேன். உங்களுக்காக இல்ல."

லைப்ரரியில் நல்ல கூட்டம். முன் வரிசையில் எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் நாலு பேர், கடையில் என்னிடம் முருங்கைக்காய் முற்றலா என்று கேட்கிறவர்கள். மாலதி கையைக் கொடுத்தாள். முகத்தைக் கொடுக்கவில்லை.

எதிரெதிரே வந்தோம். லெஃப்ட், லெஃப்ட் என்று ஜபித்துக்கொண்டே... வலது கால்தான் போயிற்று. மிதித்துவிட்டேன்.

எண்ணிக்கை ஒன்று. குனிந்தேன். புடவைக் கரைக்குக் கீழே, செருப்புக்கு வெளியே தெரிந்த விரலைத் தொட்டேன். எண்ணிக்கை இரண்டு. கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஆட்டத்தில் அதுவும் ஒரு ஸ்டெப் என்று நினைத்து ஜனம் கைதட்டியது! முருங்கைக்காய்க்காரர்கள் மட்டும் தட்டவில்லை. அவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அதில் ஒருத்தர் மனைவி தன் கணவரைத் திரும்பிப் பார்த்ததை நானே பார்த்தேன்.

அடுத்த அடியில் தப்பாகக் கால் வைத்தது மாலதி. இதுவரை ஒரு தடவைகூடத் தப்பு பண்ணாதவள்.

முடிந்ததும் எலன் வந்து கையைக் குலுக்கினார். "அந்த இடத்தில்தான் நோட்டில் ஒன்றும் இல்லையே... இதுவே இருக்கட்டும்" என்றார்.

கார் கிளம்பியதும் மாலதி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க..."

"ம்?"

"நிஜமாவே கால் தவறி மிதிச்சீங்களா? இல்ல, வேணும்னே மிதிச்சீங்களா?"

நான் இண்டிகேட்டரைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ரூட் ஒன் ஹைவேயில் வண்டிகளுக்கு நடுவே மெர்ஜ் பண்ணும்போது கவனம் சிதறக்கூடாது பாருங்கள்!