எத்தனை ஓம்?

பாட்டு அதிராத வேனை வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போகும் பெடியள் வாடகைக்குப் பிடிக்கமாட்டார்கள். அந்த ஓட்டம் கைவிட்டுப் போய்விடும் என்று வேன் ஓட்டும் என் தம்பி பதறினான். அவனிடம் இருந்த அம்பிளிஃபயர், இரண்டு ஓம் மின்தடைக்குக் குறைந்த ஸ்பீக்கரைக் கொடுத்தால் சூடேறி நின்றுவிடும். வேலைக் களைப்பில் அவனோடு வவுனியாவுக்குப் போக எனக்கு ஏலவில்லை. அளவைச் சொல்லி சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்க அனுப்பினேன்.

வாங்கி வந்ததில் மீற்றரை வைத்தேன். ஒரு ஓம்தான் காட்டியது.

"கடையில கேட்டனியா?"

"ரெண்டு ஓமோ எண்டு கேட்டனான். 'ஓம், ஓம்' எண்டு தலையாட்டினார். எண்ணிப் பாருங்கோ அக்கா, ரெண்டு ஓம் வருது."

சிரிக்கவும் தெம்பில்லை. உள்ளே இருந்த இரண்டு சுருள்களையும் கடையில் பக்கம் பக்கமாக இணைத்திருந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினேன்; நான்கு ஓம் வந்தது. சத்தம் குறையும், ஆனால் அம்பிளிஃபயர் தப்பும்.

"இந்தச் சத்தம் காணாதே அக்கா?"

"நிண்டுபோனா ஒண்டும் கேளாது."

பின்னேரம் வந்த பெடியளில் ஒருவன் சீற்றில் கை வைத்துப் பார்த்தான்.

"அதிருது அண்ணை, காணும். உங்கட வேனிலயே வாறம்."

அந்தச் சந்தோசப் புளுகத்தில் தம்பி சத்தத்தைக் கூட்டினான். நான் அதை நிற்பாட்டச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.