பேச்சு அவருக்கு, சுவர் எனக்கு

திருச்சியில் நடக்கவிருந்த ஜியாலஜி மாநாட்டுக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் பதில் வந்தது. என் கணவர் மேடையில் பேசலாம் என்றிருந்தார்கள். என் ஆராய்ச்சியைச் சுவரில் மாட்டும் போஸ்டராகத் தயாரித்து வரச் சொல்லியிருந்தார்கள். அவர் இரண்டையும் படித்துவிட்டு, "ரெண்டு பேருக்குமே கெடச்சிடுச்சு பாரு" என்றார். பால் பொங்குகிறது என்று சொல்லி நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. நாங்கள் விருத்தாசலத்தில் ஒரே கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பி ஓடைகளிலும் குழிகளிலும் அலைவோம். அவர் சுண்ணாம்புப் பாறையில் பதிந்துபோன கடல் சிப்பிகளைத் தேடினார். நான் பீங்கான் சூளைகளுக்குப் போகும் களிமண்ணைச் சேகரித்தேன். ஒரு குழி மண்ணில் செய்த பொம்மை சூளையில் வெடிக்கிறது, பக்கத்துக் குழி மண்ணில் செய்தது வெடிப்பதில்லை. ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. சிப்பியைக் கையில் வாங்குகிறவர்கள் இங்கேயா கடல் இருந்தது என்று வியப்பார்கள். களிமண்ணை வாங்கினால் கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை. பேச்சுக்கான படங்களை நான்தான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்துகொடுத்தேன். சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திரையில் ஏற்றும்போது, ஒன்றை மங்கலாக விட்டால்தான் என்ன என்று தோன்றியது. விடவில்லை. என் போஸ்டரை வீட்டுத் தரையில் சார்ட்டுகளை விரித்து நானே ஒட்டினேன். எங்கள் பாப்பா அதன்மேல் நடந்து ஓர் ஓரத்தைக் கசக்கினாள்.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்கா ஒப்புக்கொண்டார். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவர்.

"சாரு பெரிய மேடையில பேசப் போறாராமே. கூட நீங்களும் போறீங்களா? நல்லதுதான், போயிட்டு வாங்க. புள்ள எங்க வூட்டுல இருக்கட்டும்."

நானும்தான் கட்டுரை எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எப்படிக் கேட்கும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

மாநாட்டில் என் போஸ்டருக்கு வராந்தாவில் டீ மேஜைக்குப் பக்கத்துச் சுவரைக் கொடுத்தார்கள். வடையும் கையுமாக வந்தவர்கள் போஸ்டருக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார்கள். ஒருவர் காலிக் கப்பை என் மண் மாதிரிகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனார். பிறகு எல்லோரும் உள்ளே போனார்கள். கணவரின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது. எந்தப் படம் திரையில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். பெரிய சிப்பி வந்ததும் கைதட்டினார்கள். நான் அந்தக் காலிக் கப்பை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

பேச்சு முடியும்போது வாசலில் போய் நின்றேன். முன்வரிசையிலிருந்து ஒருவர், சிப்பி அடுக்குக்கு மேலே வரும் களிமண்ணைப் பற்றிக் கேட்டார். என் கணவர் சிரித்தபடி, "அதுல வேலை செஞ்சிருக்கிறது என் மனைவி. வெளிய அவங்க போஸ்டர் இருக்குது, எல்லாரும் அவசியம் பாருங்க" என்று என்னைக் கைகாட்டினார். மொத்த அரங்கமும் திரும்பியது. பந்தியில் அவர் தன் இலையிலிருந்ததை எடுத்து என் இலையில் வைத்ததுபோல இருந்தது எனக்கு.

ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் வயதான அம்மா ஒருவர் மட்டும் போஸ்டரை முழுக்கப் படித்தார்.

"மண்ணுல குத்தம்னு சொல்றீங்க. ஏன், அதுல கலந்திருக்கற மணலால கூட வெடிக்கலாமே?"

"மணலச் சலிச்சு எடுத்துட்டும் சுட்டுப் பாத்தேன் மேடம். அப்பவும் வெடிச்சிது."

"எத்தன குழி மண்ண அப்படிப் பாத்தீங்க?"

அவர் விடவில்லை, நானும் விடவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது எனக்குக் கேட்கவேயில்லை. திரும்பிப் பார்த்தபோது, இரண்டு கைகளிலும் சாப்பாட்டுத் தட்டுகளோடு கணவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சாம்பார் சாதம் ஆறிப்போயிருந்தது.

திரும்பும்போது வேப்பூரில் இறங்கி விருத்தாசலம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். டீ குடிக்கும்போது கேட்டேன்.

"நான் மேடையில பேசி, நீங்க டீ மேஜ பக்கத்துல நின்னிருந்தா உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"வடையாவது சூடா கெடச்சிருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"காலையிலேருந்து எனக்குப் பொறாமையா இருந்துதுங்க. நீங்க எல்லாருக்கும் என்னக் காட்டினீங்களே, அப்ப இன்னும் அதிகமாச்சு."

"காட்டாம இருந்திருக்கணுமா?"

"தெரியலங்க."

பஸ் வந்தது.

அடுத்த வருடம் சேலத்தில் நடந்த மாநாட்டில் எனக்குப் பேச்சு கிடைத்தது. அவர் எதுவும் அனுப்பவில்லை. பாப்பாவோடு வீட்டில் இருந்துகொண்டார். கிளம்புகிற அன்று என் புடவைக்கு இஸ்திரி போட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம், "மேடம் பேசப் போறாங்க" என்று அவரே போய்ச் சொன்னார்.

பேச்சு நன்றாகவே போனது. முடிந்ததும் பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு போன் செய்து அவரைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சிரைக்க ஓடிவந்து எடுத்தார். யார் யார் கேள்வி கேட்டார்கள், கைதட்டினார்களா, சூளைப் படம் பளிச்சென்று தெரிந்ததா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். பதில் சொல்லிக்கொண்டே, அந்தக் குரலில் எங்காவது ஒரு சுணக்கம் தட்டுப்படுகிறதா என்று கவனித்தேன். துளிகூட இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அவரால் அப்படி இருக்க முடிகிறதே என்ற பொறாமை மட்டும் எனக்குப் பல வருடங்கள் தீரவில்லை.