குண்டனுக்கு ஊசி நின்ற பிறகு

"பூனைக்கும் சீனி வருத்தம் வருமோ?" என்று ரீச்சர் கேட்டார். மேசையில் கிடந்த அவருடைய பூனை குண்டனை நான் பிடித்திருந்தேன். வெள்ளவத்தையில் அந்த மிருக டிஸ்பென்சரியில் பிடிப்பதுதான் என் வேலை. பூனை என்றால் துவாயில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட வேண்டும். நாய்க்கு வேறு பிடி, அதைச் சொல்லப்போனால் பொழுது போய்விடும். குண்டனுக்குத் துவாயே தேவைப்படவில்லை. கொழுப்பில் அசையாமல் கிடந்தான்.

"இவ்வளவு கொழுப்பு இருந்தா இன்சுலின் வேலை செய்யாது ரீச்சர். என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?" என்றார் டொக்டர்.

"நான் சாப்பிடுறதுதான். சோறு, பாண், பிஸ்கட். முன்னால இன்னொரு தட்டு இருந்தாத்தான் எனக்கு இறங்கும்."

புருஷன் இல்லை. பிள்ளைகள் கனடாவில்.

இனி மீனும் கோழியும் மட்டும், காலையும் மாலையும் ஊசி என்றார் டொக்டர். ரீச்சருக்குக் கை நடுங்கும். நான் வயது போய் அந்த மாதம் வேலையிலிருந்து நிற்கப்போகிற ஆள், பக்கத்தில் பாமன்கடையில் ஒற்றை அறையில் இருப்பவன். டொக்டர் என்னைப் போய்ப் போடச் சொன்னார்.

பூனை சாப்பிட்ட பிறகுதான் இன்சுலின் போடலாம். குண்டன் ஆறுதலாகத் தின்பான், நான் சுவரோரம் நிற்பேன்.

"நிக்காம இருங்கோ வேலு," என்று ரீச்சர் ஒரு நாள் எனக்கும் தட்டு வைத்தார்.

"குண்டனுக்குப் பதிலா என்னைய வளக்குறீங்களா டீச்சர்?"

"நீங்கள் கொழுத்தா உங்களைப் பிடிக்க ஆளில்லை. அளவாச் சாப்பிடுங்கோ!"

குண்டன் மெலிந்தான். மருந்து குறைந்தது. ஒரு நாள் விடிய, கால் பின்னித் தள்ளாடினான். சீனி இறங்கிவிட்டது என்று வாயோரம் தேன் தடவி, த்ரீவீலில் கொண்டு ஓடினோம்.

டொக்டர் இரத்தம் பார்த்தார். "மெலிஞ்சதில அவன்ர சொந்த இன்சுலினே இப்ப வேலை செய்யுது. ஊசியை நிப்பாட்டுங்கோ. இனிப் போட்டா ஆபத்து."

நல்ல செய்திதான். திரும்பும் வழியில் குண்டனை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப நாளைக்கு வரத் தேவையில்லை, என்ன?" என்றார் ரீச்சர்.

"தேவையில்லைங்க."

மருந்துப்பெட்டி கையில் இருந்தால் ரீச்சரின் தொடர்மாடிப் படி ஏறலாம். வெறுங்கையோடு ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வேன்? மறுநாளும் அந்த நேரத்துக்கு எழும்பிச் சட்டை போட்டேன். பிறகு கழற்றி ஆணியில் கொழுவினேன்.

அடுத்த முறை இரத்தம் பார்க்க டொக்டர் என்னையும் கூப்பிட்டார், குண்டன் வேறு ஆளுக்கு அடங்கமாட்டான் என்று. தூக்கியதுமே தெரிந்தது. பாரம்.

"ரீச்சர், திரும்பவும் சோறோ? சீனி ஏறத் தொடங்கீற்றுது. இப்பிடிப் போனா திரும்ப ஊசிதான்."

ரீச்சர் பூனையைத் தடவிக்கொண்டிருந்தார். "தனியச் சாப்பிட ஏலாம இருக்கு டொக்டர்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குண்டுப் பூனை வந்தால் அது என்ன தின்கிறது என்று கேட்டால் போதாது. யாரோடு தின்கிறது என்றும் கேளுங்கள்.

அன்று மாலை பெட்டியில்லாமல் போய் மணியை அழுத்தினேன். ரீச்சர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"என்ன வேலு, டொக்டர் ஊசி போடச் சொன்னவரோ?"

"இல்லைங்க டீச்சர். எனக்குத்தான் பசிக்குது."