கடைசிப் பக்கத்தை முதலில்

போர் முடியும் தறுவாயில் பள்ளிக்கூடமொன்றில் இருந்த அகதி முகாமில் தங்கியிருந்தோம். ஓய்வுபெற்ற வாத்தியாரான என்னிடம் ஒரே துப்பறிவாளன் வரும் விறுவிறுப்பான நாவல்கள் பதினொன்று இருந்தன. ஆறு குண்டுத் துப்பாக்கியால் அவன் ஒன்பது தடவை சுடுவதை எண்ணிக் குறைசொல்லியபடியே எல்லோருக்கும் வாசிப்பேன்.

மகனைத் தொலைத்திருந்த, என் மகள் வயதுடைய வெல்லாவெளி ஊர்ப் பெண்ணொருத்தி, “சேர், கடைசிப் பக்கத்த முதல்ல வாசிங்க” என்றாள்.

“முடிவு தெரிஞ்சா பிறகென்ன கதை, மகள்?” என்று சீறினேன்.

“அவன் உசிரோட வாறான் எண்டு தெரிஞ்சாத்தான் எனக்கு மத்ததக் கேக்கேலும்.”

பதினொரு புத்தகங்களையும் அப்படியே வாசித்தேன். பதினொரு தடவையும் அவன் உயிரோடு வந்தான். அவள் மகனைப் பற்றி மட்டும் ஒரு செய்தியும் வரவில்லை.

“அடுத்தது, சேர்?”

“இல்ல, மகள். முடிஞ்சிது.”

“அப்ப முதலாவத எடுங்க.”

வேறென்ன செய்ய முடியும் என்னால்? முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அதன்பிறகு குண்டுகளை நான் எண்ணவேயில்லை.