வியாழக்கிழமைச் சொற்பொழிவும் குற்றாலத்துக் கூச்சலும்

ஐரோப்பாவில் நாங்கள் குடியிருக்கும் இந்த ஊரில் ரொட்டிக்கடைக்காரி சீனாவைப் பற்றிச் சொற்பொழிவு கேட்கப் போகிறாள். வியாழக்கிழமை மாலை கடையைச் சாத்திவிட்டு, விற்காமல் மிஞ்சிய நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் ஜன்னலுக்குக் கீழே அவள் நடந்து போவதைப் பார்க்கிறேன். அவள் போகும் இடம் என் வீட்டுக்காரர் ஆராய்ச்சி மாணவராக இருக்கும் கல்லூரி. நாட்டுக்கு நாடு உள்ள உறவையும் உடன்படிக்கையையும், பட்டம் வாங்கினவர்களுக்கு மேற்கொண்டு கற்றுக்கொடுக்கும் கல்லூரி அது. வாரத்தில் ஒரு மாலை அதன் பெரிய மண்டபத்தை ஊராருக்குத் திறந்துவிடுகிறார்கள். டிராம் ஓட்டுகிறவர், தையற்காரி, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். துருக்கியைப் பற்றியோ பருத்தி வரியைப் பற்றியோ கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் சூப் குடிக்கலாம். தென்காசியில் இதைப் படிக்கும் சகோதரிகள் நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினேன், நம்பிய நாளிலிருந்து அந்த ரொட்டிக்கடைக்காரி மேல் எனக்குப் பொறாமை.

நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி ஸ்கூல் பைனல் வரை படித்தவள். பூகோளத்தில் வகுப்பில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் சொற்பொழிவு என்பது எனக்கு மச்சு வீட்டுச் சங்கதி. தென்காசியில் கோவில் வாசலில் கூட்டம் நடந்தால், பெண்களாகிய நாங்கள் மச்சில் ஏறி, ஜன்னல் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு கேட்போம். அந்த வாசலில் எப்போதும் ஓயாமல் காற்று அடிக்கும். பேசுகிறவர் வாயைத் திறப்பது தெரியும். பேச்சைக் காற்று மேலவாசலுக்குக் கொண்டுபோய்விடும். இங்கே காற்று இல்லை, ஜன்னல் மறைவு இல்லை, வாசல் திறந்திருக்கிறது. ஆனால் என் மடியில் கோமதி இருக்கிறாள். இன்னும் பால் மறக்காத பிள்ளை. அவளைத் தூக்கிக்கொண்டு போனால் அழுவாளோ, அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ, அவருக்கு அது தலைகுனிவாகுமோ என்று யோசிப்பதற்குள் மாலை போய்விடும். அவர் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றும்போதே, "இன்னைக்கி என்ன பேசினாவ?" என்று கேட்பேன். "ஒனக்குப் புரியாதுட்டி, எல்லாம் வரி விஷயம்" என்பார். அவர் கடுமையானவர் அல்ல. பசியோடு வருகிறவர், அவ்வளவுதான். இருந்தாலும் சோறு போடும்போது கரண்டி கொஞ்சம் சத்தமாகவே சட்டியில் விழும்.

இப்படி இருக்கும்போதுதான் மிஸ் ஹெல்கா வந்தாள். டென்மார்க்குக்காரி. அதே கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். கீழ்த்திசை மக்களின் வழக்கங்களை எழுதுகிறாள். ஒரு சாரல் காலம் முழுவதும் அவள் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்கி இருந்தாளாம். அதைப் பற்றி லாந்தர் விளக்கால் திரையில் படம் காட்டிப் பேசப்போகிறாள் என்றும், விவரம் சரிபார்க்க நம் வீட்டுக்கு வருகிறாள் என்றும் அவர் சொன்னபோது, என் வயிற்றில் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. குற்றாலம் என் ஊரிலிருந்து கோழி கூவ வண்டி கட்டினால் விடிவதற்குள் போய்ச் சேரும் தூரம். அதைப் பற்றி இந்த ஊரில் பேச ஒருத்தி உண்டு என்றால் அது நானாகத்தானே இருக்க வேண்டும்? அவள் வந்து எங்கள் சின்ன மேசையில் படங்களைப் பரப்பினாள். தென்காசி ஸ்டேஷனில் தனியாகவே இறங்கினாளாம். நான் பிறந்ததிலிருந்து செங்கோட்டைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. செண்பகாதேவிக்கு மேலே தேனருவி வரை ஏறினாளாம். பெண்பிள்ளைகள் அங்கே ஏறக்கூடாதென்று அப்பா தடுத்துவிட்டதால், அந்த அருவியை நான் முதன்முதலில் பார்த்தது ஐரோப்பாவில் ஒரு டென்மார்க்குக்காரி எடுத்த படத்தில்.

பெரிய அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தின் படம் ஒன்று இருந்தது. தூரத்தில் ஒரு பாறைமேல் நின்று எடுத்தது. நனைந்த சேலைகளும் தூக்கிய கைகளும் மட்டும் புகைபோலத் தெரிந்தன. "இந்தப் பெண்கள் அருவிக்குள் நின்று உரக்கக் குரல் எழுப்புகிறார்களே, அது என்ன?" என்று ஹெல்கா ஆங்கிலத்தில் கேட்டாள். என் வீட்டுக்காரர் தயங்கவே இல்லை. "பக்கத்திலேயே குற்றாலநாதர் கோவில். சிவன் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறார்கள்" என்றார். டீயை வைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "உங்கள் மனைவியையும் கேட்கலாமே?" என்றாள். "அவளுக்கும் இதேதான் தெரியும்" என்றார் அவர். அதற்குள் கோமதி அழுதாள். நான் உள்ளே போனேன்.

அவருக்கு இதேதான் தெரியும் என்பதுதான் உண்மை. குற்றாலத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர் தென்காசியிலேயே பிறந்து வளர்ந்து, வருஷம் தவறாமல் அருவியில் நின்றவர். ஆனால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அவரும் அறியார், அவர் தகப்பனாரும் அறியார். எனக்கு அது தெரியவந்தது என் அண்ணன் மனைவி செண்பகம் மதினியால். எனக்குக் கல்யாணமான வருஷம் ஆனியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சேலையை வரிந்து கட்டி, நான் அருவிக்குள் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மதினி என் காதோடு வாயை வைத்துக் கத்தினாள்.

"ஏட்டி, என்ன பிள்ளையார் மாதிரி நிக்க? வாயத் தொறந்து யாரையாச்சும் வையி!"

"யார மதினி வைய?"

"யார் யார் இருக்காவளோ எல்லாரையுந்தான். இங்கன எவளுக்கும் கேக்காது. மொதல்ல மாமியாள்ல தொடங்கு!"

தொடங்கினாள். மதினியின் மாமியார் என் அம்மாதான். என் அம்மாவின் கஞ்சத்தனம், நடை, மூக்கு எதையும் மதினி விடவில்லை என்று அவள் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சுற்றிலும் பார்த்தேன். கீழப்பாவூரிலிருந்து வந்தவள், சிவகிரியிலிருந்து வந்தவள், கழுத்து நிறைய நகை போட்டவள், ஒன்றும் போடாதவள், எல்லாருடைய வாயும் ஆடிக்கொண்டிருந்தது. வருஷம் பூராவும் அடக்கிவைத்ததை எல்லாம் தண்ணீரில் கொட்டினார்கள். வெளியே வந்து தலை துவட்டியபின் ஒருத்தி முகத்திலும் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு மதினிதான் ஈரச் சேலையைப் பிழிந்து கொடுத்தாள். இதை அச்சில் எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். நம் ஊர்ப் பெண்கள் என்னை வைவீர்கள். வருகிற ஆனியில் அருவிக்குப் போய் வைது தீர்த்துக்கொள்ளுங்கள்.

சொற்பொழிவு நாள் வந்தது. கோமதிக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்து, சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, "நானும் வாரேன்" என்றேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கதவுப் பக்கமா உக்காந்துக்கோ" என்றார். அன்று அவர் மேடைக்காரர். ஹெல்கா பேசி முடித்ததும் சந்தேகம் தீர்த்துவைக்க, தலைமைப் பேராசிரியருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. அவருடைய அடுத்த வருஷத்து உதவித்தொகை அந்தப் பேராசிரியரின் கையில் இருந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. ரொட்டிக்கடைக்காரி எனக்கு நேர் முன்னால் இருந்தாள். விளக்கை அணைத்தார்கள். திரையில் எங்கள் தென்காசிக் கோபுரம் பாதி இடிந்து, மேலே மரம் முளைத்து நின்றது. எல்லோரும் "ஆ" என்றார்கள். ஹெல்கா நன்றாகப் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உளறியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடைசியில் அருவிப் படம் வந்தது. சாரல் ஓய்ந்து தண்ணீர் மெலிந்துபோன ஒரு நாளில் அந்தப் பெண்களின் தோத்திரம் தன் காதில் தெளிவாக விழுந்ததென்றும், அதை ஒலி மாறாமல் மனப்பாடம் செய்திருப்பதாகவும் அவள் சொன்னாள். நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடி, இழுத்து இழுத்துப் பாடினாள்.

"மாமியாக் கெழவி... மண்டையப் போடு... மாமியாக் கெழவி... மண்டையப் போடு..."

ரொட்டிக்கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் ஒரு பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை பேரில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேடைமேல் இருந்தார். அவருடைய மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. விளக்கைப் போட்டார்கள். பேராசிரியர் அவர் பக்கம் திரும்பி, அந்தத் தோத்திரத்தின் பொருளைச் சபைக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அவர் எழுந்தார். சிவன் பெயர் என்று சொன்னவர் அவர்தான். அதை ஹெல்காவும் மேடையிலேயே நன்றியோடு சொல்லிவிட்டாள். அவர் கண் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு கதவுப் பக்கம் வந்தது. "அது பெண்கள் பக்கம். நான் அங்கே நின்றதில்லை. என் மனைவி இங்கே இருக்கிறாள், அவளைக் கேளுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

எல்லாத் தலையும் திரும்பியது. நான் பிள்ளையோடு எழுந்து நின்றேன். இத்தனை மாதம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஒரே வாக்கியத்தில் அந்த டென்மார்க்குக்காரியைக் கீழே இறக்கிவிடலாம். மண்டபமே சிரிக்கும். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கும்? செண்பகம் மதினியைப் பார்த்து, கீழப்பாவூர்க்காரியைப் பார்த்து, பிறகு மேடையில் நிற்கும் அவரைப் பார்த்து. சொல்லாமல் உட்கார்ந்தால் அவள் பாடினது பாடினதுதான், அருவி அவளுடையதாகிவிடும். கோமதி தூக்கத்தில் சிணுங்கினாள். என் வாய் தானாக ஆங்கிலம் பேசியது: "வீட்டில் உள்ள மூத்த பெண்மணிக்காகச் செய்யும் வேண்டுதல் அது. அவர்களுடைய துன்பமெல்லாம் சீக்கிரம் தீர்ந்து, அவர்கள் இறைவனடி சேரவேண்டும் என்பது பொருள்."

ஒரு பெருமூச்சு மண்டபம் முழுவதும் போயிற்று. பிறகு விரல்முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே படித்தவர்கள் மெச்சுகிற விதம் அது. ஹெல்கா கண் கலங்கி என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான், அந்தத் தட்டல் எனக்கா, அவளுக்கா என்று.

வீட்டுக்குப் போகும் வழி ஏரிக்கரை. மண்டபத்து ஆட்கள் கண்ணுக்கு மறைகிறவரை அவர் விறுவிறுவென்று நடந்தார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"துன்பம் தீரணுமா? எப்படிட்டி அந்த நேரத்துல தோணுச்சு?"

"மண்டையப் போட்டா துன்பம் தீரத்தான செய்யும்?"

மறுபடி சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "நீயும் அங்கன இப்படித்தான் கத்துவியா? எங்கம்மைய எத்தன தடவ வைஞ்ச?"

"ஒங்கம்மைய நான் வையல. ஒங்களத்தான் வைஞ்சேன்."

"என்னயவா? என்னன்னு?"

நான் ஏரியைப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீர், ஒரு சத்தம் இல்லை. குற்றாலத்தில் பேசினால் சுற்றி நிற்கிற எல்லாருக்கும் புரியும், ஆனால் கேட்காது. இங்கே எல்லாருக்கும் கேட்கும், ஆனால் புரியாது. புரிகிற ஒரே மனிதர் என் பக்கத்தில் நின்றார். பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து கத்தினேன்.

"அடுத்த வியாழக்கெழம நான் போறேன்! பிள்ளைய நீங்க பாத்துக்கிடுங்க!"

நாயோடு உலாவ வந்த ஒரு கிழவர் நின்றார். தொப்பியைத் தூக்கி, "போன்சுவார், மதாம்" என்று வணங்கிவிட்டுப் போனார். கோமதி விழித்துக்கொண்டு என்னை வெறித்தாள்.

"இதுக்கா ஊரக் கூட்டுத? மெள்ளச் சொன்னா எனக்குக் கேக்காதா?" என்றார் அவர்.

"மெள்ளச் சொன்னதெல்லாம் எங்க கேட்டீய?"

அவர் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ஆனால் அடுத்த வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு வீட்டில் இருந்தார்.

நான் தனியாகப் போனேன். ரொட்டிக்கடைக்காரி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அன்றைய பேச்சு பிரெஞ்சில். தேச எல்லைகளைப் பற்றி. பேசியவர் நீளமான கோலால் படத்தில் கோடுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ரொட்டி வாங்கப் போய்ப் பழகின பிரெஞ்சில் பாதி புரிந்தது, பாதி புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். பூகோளம் படித்தவள் அல்லவா, ஆறுகளின் பெயரெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். இந்நேரம் கோமதி விழித்திருப்பாள் என்று தோன்றும்வரை. அவள் இப்போது அவர் மடியில் உட்கார்ந்து அவருடைய மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். புதிதாக ஏதாவது ஒரு சத்தம் செய்து காட்டுவாள், நான் இல்லாமல் அவர் மட்டும் அதைக் கேட்பார். இந்த மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இருக்கிற அவர்மேல் எனக்குப் பொறாமை பொங்கியது. கூடவே பாலும் கட்டிக்கொண்டு சுரந்தது. பேச்சாளர் ஒரு நாட்டை இரண்டாகப் பிரிக்கும் கோட்டைக் காட்டியபோது ரவிக்கை நனைந்துவிட்டது. எழுந்து போகவும் மனமில்லை, உட்காரவும் முடியவில்லை. மேல்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஈரம் வெளியே தெரியாமல் இரண்டு கைகளையும் மார்பில் கட்டியபடி, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.