பலகைக்கு அந்தப் பக்கம்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். மாதா கோவிலில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். மறதியும் வந்துவிட்டது. இது நடந்தது எழுபத்து மூன்றாம் வருஷமா, நாலா என்று கேட்டால் தெரியாது. மாதா திருவிழாக் கொடி இறக்கி ஒரு வாரம் இருக்கும், மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அது நிச்சயம்.

என் வீட்டுக்காரர் பேர் சூசை. சங்கு குளிக்கிறவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு பத்து பாகம் இறங்குவார். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம். அவருக்கு மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் என் தம்பி மிக்கேல். எங்கள் ஆட்களில் குளிக்கிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான். அக்கா தாலி அறுக்க எந்தத் தம்பியும் கையை விடமாட்டான் என்று அந்த வழக்கம். "என் கை இருக்க மட்டும் ஒனக்குத் தாலி இருக்கும்க்கா" என்று அவனும் சொல்லிச் சிரிப்பான்.

கச்சான் அடித்தால் கடல் கலங்கிவிடும். தோணி கரையில் கிடந்தது. தம்பி உப்பு மூடை சுமக்கப் போனான். அப்போது முத்தையாபுரம் தாண்டிக் கடலோரத்தில் ஒரு காண்டிராக்டர் வாய்க்கால் வெட்டி, அதன் முனையில் பெரிய தொட்டி கட்டியிருந்தார். வாய்க்கால் நிறையக் கடல் தண்ணீர். தொட்டி வெறுமையாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுச்சுவரில், அடியில், ஒரு வாசல். அதைப் பலகையால் அடைத்து ஆப்பு இறுக்கியிருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது, இனி வாய்க்காலில் மூழ்கி ஆப்பைத் தட்டிப் பலகையை எடுக்க ஒரு ஆள் வேண்டும். இவரைக் கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை சும்மா பார்த்துவர இறங்கினார். பலகையின் கீழ் மூலையில் சாண் அகலத்துக்கு ஒடிந்திருந்ததாம். அதன் வழியாகத் தொட்டிக்குள் வரும் தண்ணீரை எஞ்சின் வைத்து வெளியே இறைத்துக்கொண்டிருந்தார்களாம். கிட்டப் போனதும் இடுப்பில் கட்டியிருந்த துண்டின் நுனியை அந்தச் சந்து பிடித்துக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. துண்டு கிழிந்த பிறகுதான் மேலே வரமுடிந்தது. பிய்ந்த பாதியைத் தொட்டிக்குள் நின்ற கொத்தனார் எடுத்துக் கொடுத்தாராம். விளக்குத் திரி மாதிரி முறுக்கியிருந்தது.

இரண்டு துண்டையும் என் மடியில் போட்டார்.

"ஏளா, இதத் தச்சி வையி. வியாழக்கிழம காலைல போவணும்."

ஊசியைக் கோத்தேன். குத்த முடியவில்லை. போகவேண்டாம் என்றேன். பத்து பாகம் போனவன் இரண்டு பாகத் தண்ணீருக்குப் பயந்தான் என்று ஊர் சொல்லவா என்று கேட்டார். வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். செவ்வாய்க்கிழமை கோவிலில் முழந்தாளில் நின்றேன். புதன்கிழமையும் நின்றேன். மெழுகுதிரி ஏற்றினால் கச்சான் வந்து வந்து அணைத்தது.

எங்கள் முன்னறையில் ஒரு வாத்தியார் வாடகைக்கு இருந்தார். சடகோபன் சார், ஆழ்வார்திருநகரிக்காரர். நெற்றியில் நாமம், வாயில் வெற்றிலை. நாங்கள் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துவார், மற்றபடி தங்கமான மனிதர். பாலிடெக்னிக்கில் சிவில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் கணக்கு எடுப்பவர். அந்தப் பாடத்தில் தோற்ற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாயங்காலம் வருவார்கள். சுவரில் கறுப்பு அடித்து அதில் கணக்குப் போட்டுக் காட்டுவார். ஏழு மாசமாக அவர் இருந்தும் நான் நேரே நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. காப்பித்தண்ணியைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

புதன் சாயங்காலம் விளக்கு வைத்து, மாதா படத்துக்கு முன்னால் செபமாலையை எடுத்தேன். வாயில் செபம் வரவில்லை. "மாதாவே, எனக்கு ஒரு வார்த்த சொல்லு. ஒண்ணே ஒண்ணு" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சாரின் சத்தம் கேட்டது. "ஒரு பலகை. இந்தப் பக்கம் தண்ணி நிக்கி. மொதல்ல என்ன கேக்கணும்?"

ஒருத்தன், "தண்ணி உப்பா, நல்ல தண்ணியான்னு கேக்கணும் சார்" என்றான்.

"அது பொறவு. அந்தப் பக்கம் என்ன இருக்கு? அதக் கேக்காம எவனும் பேனாவத் தொடாதிய. போன பரீட்சையில அதக் கேக்காமத்தான அத்தன பேரும் கவுந்திய."

"அந்தப் பக்கம் ஒங்க மாமியார் சார்" என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அப்புறம் பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள். "அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல சார்."

ஒரு பலகை. இந்தப் பக்கம் தண்ணீர். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. முக்காட்டை இழுத்துவிட்டு, நடுக்கதவைத் திறந்து, அத்தனை ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றேன். பிள்ளைகள் பதறி எழுந்தார்கள்.

"சார், அந்தப் பக்கம் ஒண்ணுமில்லன்னா, இந்தப் பக்கம் நிக்கிற ஆளு என்ன ஆவான்?"

சார் சாக்குக்கட்டியோடு திரும்பினார். "எந்த ஆளும்மா?"

"என் வீட்டுக்காரரு."

கிழிந்த துண்டைக் காட்டினேன். சார் வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இவரையும் தம்பியையும் கூப்பிடச் சொன்னார். வாசல் எவ்வளவு அகலம், மேலே எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். இவர் கையை விரித்து விரித்து அளவு சொல்ல, ஒரு பிள்ளை மீட்டராக்கி எழுதியது. ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம், வாசலின் நடுமட்டத்துக்கு மேலே மூன்று மீட்டர் தண்ணீர்.

"பலகை மேல மூவாயிரம் கிலோ பாரம்" என்றார் சார்.

"மூடையில சொல்லுங்க சார்" என்றான் தம்பி.

"எழுவத்தஞ்சு கிலோ மூடைன்னா நாப்பது. கடல் தண்ணி கனம் கூட, இன்னொண்ணு சேத்துக்கோ. ஆப்பத் தட்டுனா அவ்வளவும் அந்த வாசல் வழியாப் போவும். ஆளையும் கொண்டு போவும்."

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து பாகத்தில் இல்லாத பாரமா என்று கேட்டார். சார் பொறுமையாகச் சொன்னார், "அண்ணாச்சி, அங்கன கடல் ஒங்கள எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல அமுக்குது. அதனால நிக்கிய. இங்கன ஒரு பக்கந்தான் தண்ணி. அந்தப் பக்கம் வெறுங்காத்து."

இவர் சுவரையே பார்த்தார். தம்பி தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தான். அவன் அன்றைக்குப் பகலெல்லாம் மூடை சுமந்தவன்.

"மச்சான், நான் கயிறு பிடிக்க மாட்டேன்."

பயந்தாங்கொள்ளி என்று இவர் வைதார். இன்னும் என்னென்னவோ வைதார். தம்பி மசியவில்லை. மச்சான் கயிறு பிடிக்காமல் எங்களில் ஒருத்தனும் இறங்கமாட்டான், இவருக்கும் அது தெரியும். அன்றைக்கு வீட்டில் ஒருத்தரும் சாப்பிடவில்லை.

காலையில் இவர், முடியாது என்று நேரில் சொல்லிவிட்டாவது வருகிறேன் என்று கிளம்பினார். சார் லீவு போட்டுவிட்டு சைக்கிளில் வந்தார். நானும் செபமாலையோடு தம்பியின் பின்னால் போனேன். காண்டிராக்டர் சிரித்தார். கரும்பலகைக் கணக்கு கடலுக்குத் தெரியுமா என்று கேட்டார். வேறு ஆளைக் கூட்டி வருவேன் என்றார். சார் சண்டை போடவில்லை. ஒரு சாக்கு கேட்டார். இவர் எடைக்கு அதில் மண்ணை நிறைத்து, இவருடைய கயிற்றிலேயே கட்டி, ஒடிந்த மூலைக்கு நேராக இறக்கச் சொன்னார்.

தம்பி இறக்கினான். தொட்டிக்குள் விசில் மாதிரி சீறி வந்துகொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சாக்கு போய்ச் சந்தை அடைத்துக்கொண்டுவிட்டது.

தம்பி இழுத்தான். இவர் கூடச் சேர்ந்தார். ஆறு பேர் இழுத்தார்கள். கயிறு விறைத்தது, உள்ளங்கைத் தோல் உரிந்தது, சாக்கு ஒரு விரல்கடை நகரவில்லை. "இது ஒரு சாண் சந்துதான் அண்ணாச்சி. முழு வாசல் இல்ல" என்றார் சார்.

இவர் கயிற்றை விட்டார். மணலில் உட்கார்ந்துவிட்டார். தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் சமமாகட்டும் என்று காண்டிராக்டர் அதே எஞ்சினைத் திருப்பி வைத்து வாய்க்கால் தண்ணீரைத் தொட்டிக்குள் இறைக்கச் சொன்னார். கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். வெயில் ஏறி இறங்கியது. மூன்று மணிக்கு மேல் தொட்டித் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்தன. நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே செபம் சொன்னேன். விறைத்து நின்ற கயிறு, யாரும் தொடாமலே, தானாகத் தொய்ந்தது.

தம்பி போய் ஒரு கையால் இழுத்தான். சாக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் பெரிய வாய் கடித்து எடுத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவன் கயிறு பிடிக்க இவர் இறங்கி ஆப்பைத் தட்டினார். பலகை பானை மூடி மாதிரி கையோடு வந்தது.

என் தாயே, உனக்கு நன்றி. என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் சங்கு குளித்தார். கடைசியில் கட்டிலில் படுத்து, பிள்ளைகள் சுற்றி நிற்க, சாமியார் கையால் நன்மை வாங்கிக்கொண்டு போனார். தண்ணீரில் போகவில்லை. குளிக்கிறவன் பெண்டாட்டிக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. கிழிந்த துண்டை நான் தைக்கவே இல்லை. இரண்டு பாதியும் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது.

அன்றைக்கு முன்னால் என் செபம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். மாதா பதில் தந்தது ஒரு நாமக்காரர் வாயால், தோற்ற பிள்ளைகளுக்கு நடுவில். கதவைத் திறக்கக் கூச்சப்பட்டிருந்தால் அந்தப் பதில் சுவருக்கு அந்தப் பக்கமே கிடந்திருக்கும். என்னைப்போல கூச்சப்படுகிற பெண்கள் இருந்தால் சொல்கிறேன், நம்பிக் கேளுங்கள். பதில் காதில் விழுந்தால் எழுந்து போய்க் கதவைத் திறங்கள். அதற்குமேல் அவள் பார்த்துக்கொள்வாள்.

மிக்கேல் இப்போது இல்லை. சடகோபன் சார் எங்கே இருக்கிறாரோ தெரியாது. கணக்கில் நான் எதையாவது மாற்றிச் சொல்லியிருப்பேன். படித்த பிள்ளைகள் யாராவது இதை அச்சுக்குக் கொடுக்குமுன்னே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், மேலே மூன்று மீட்டர், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. நாற்பத்தொரு மூடை என்றுதான் எனக்கு ஞாபகம். சரிதானா?